பதினோரு நாள் குறை

அத்தியாயம் 14

வியாழக்கிழமை சாயங்காலம் ரபேல் சர்வீஸ் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தொப்பியை எடுக்க மறந்து வீட்டுக்கு நடந்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தோம். தொப்பி இன்னும் ஆபீஸ் ஆணியில்தான் தொங்குகிறது. அதை அவர் எடுத்துக்கொள்வார். நாம் விஷயத்துக்கு வருவோம்.

மலாயாவில் காப்பார் ரோட்டு டவுன் போர்டில் ரபேல் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. வயது நாற்பத்தேழு. இருபத்து நாலு வருஷ சர்வீஸ். தப்புக் கணக்கைத் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிப்பார் என்று பெயர். கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்த நாள்முதல் போர்டின் வருமானமும் விழுந்துவிட்டது. கடைக்காரர்கள் லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை, வீட்டுக்காரர்கள் வரி கட்டவில்லை. போன மாதம் எல்லாருடைய சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தார்கள். அது போதவில்லை. இந்த 1931ஆம் வருஷம் முடிகிற அன்று மூன்று ஓவர்சீயர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போக வேண்டும். யார் என்று பார்த்துப் பெயரை எழுதிக்கொடுக்கிற பொறுப்பு ரபேலுடையது.

பார்ப்பதற்கு ஒரு விதி இருந்தது. பத்து வருஷம் முடித்தவரை நிறுத்தினால், அவர் கண்ணை மூடும்வரை போர்டு பென்ஷன் கொடுக்க வேண்டும். முடிக்காதவரை நிறுத்தினால் ஒரு மாதச் சம்பளமும் ஒரு கைகுலுக்கலும் போதும். பணமில்லாத போர்டு எவரை நிறுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இராமலிங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷம். அவரைத் தொட முடியாது. சபாபதி மூவரில் இளையவர். ஆனால் அந்தத் தேதிக்குப் பத்து வருஷம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். மூன்றாமவர் மாரிஸ். ரபேலின் தங்கை பிலோமினாவைக் கட்டியவர். சபாபதிக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். தேதியை மட்டும் பார்த்தால் பத்து வருஷம் இரண்டு மாதம். ஆனால் சம்பளமில்லாமல் எடுத்த லீவு நாட்கள் பென்ஷனுக்குச் சேராது. மாரிஸ் வருஷத்துக்கு எட்டு நாள் வீதம் ஒன்பது வருஷம் அப்படி எடுத்திருந்தார். எழுபத்திரண்டு நாளையும் கழித்தால் பத்து வருஷத்துக்குப் பதினோரு நாள் குறைகிறது.

ரபேல் நாலு தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தார். நாலு தடவையும் அதே பதினொன்றுதான் வந்தது.

---

வெள்ளிக்கிழமை காலை ரபேல் முகம் வழித்துக்கொண்டிருக்கும்போதே பிலோமினா வந்துவிட்டாள். அவளுக்குச் சேதி போன வழி என்ன என்று விசாரிக்கத் தேவையில்லை. ரபேலின் மனைவி கெர்ட்ரூட் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்று, வழக்கத்தைவிட அதிகச் சத்தத்தோடு காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அண்ணி சொன்னது நெசமா?"

"அண்ணி என்ன சொன்னா?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் கெர்ட்ரூட் திரும்பாமலே. "நீங்க தூக்கத்துல பதினொண்ணு பதினொண்ணுன்னு பொலம்புனீங்க. அதத்தான் சொன்னேன்."

ரபேல் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்கைக்கும் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"பதினோரு நாளுதானேண்ணே. முழுசா ரெண்டு வாரங்கூட இல்ல. ரெக்காட்டெல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

"என் கையில இருக்கறதாலதான் ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்பறம் எதுக்குண்ணே பெரிய கிராணி?"

நல்ல கேள்விதான். பிலோமினா குரலை இறக்கினாள்.

"வேல போனா குவார்ட்டர்ஸும் போயிரும். நாலு பிள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்க போவேன்? பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரயில்வேக்குப் போய்க் கேக்கலாம்னு அவரு முன்னாடியே சொன்னாரு. அங்கயே தெனம் ஆள வீட்டுக்கு அனுப்பிக்கிட்டு இருக்காங்களாம். எஸ்டேட்டுக்காரன் ஊருக்குப் போன்னு கப்பல் டிக்கட்ட நீட்டறான். அவரு நாகப்பட்டினத்தையே பார்த்ததில்லண்ணே, இங்க பொறந்தவரு."

"தெரியும், பிலோமி."

"தெரிஞ்சா எழுதுங்க."

"பொய் எழுத மாட்டேன். ஆனா பொய் இல்லாம ஒரு வழி இருக்கு," என்றார் ரபேல். ராத்திரி முழுக்கப் புரண்டு கண்டுபிடித்த வழி. "மாப்பிள்ளைக்கு வருஷத்துக்குப் பதினாலு நாள் சம்பளத்தோட லீவு உண்டு. அத அவரு தொட்டதே இல்ல. சம்பளமில்லாம எடுத்த எட்டு நாளையும் அந்தப் பதினாலுல சேத்துக்கங்கன்னு அவரே ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா போதும். விதியில எடம் இருக்கு. பழைய சம்பளம் வேணாம்னு ஒரு வரி சேத்துட்டா போர்டுக்குப் பழைய பாக்கியும் இல்ல. துரை மொறைப்பாரு, ஆனா தட்ட முடியாது. பத்து வருஷம் முடிஞ்சதா ஆயிரும்."

"அப்ப அவரு வேல நிக்குமா?"

"நிக்கும். ரெண்டு பேருக்கும் பத்து வருஷம்னு ஆனா, எளையவரு போகணும். சபாபதி போவாரு. ஆனா அவரு வெறுங்கையோட போக மாட்டாரு. சின்னதா ஒரு பென்ஷன் வரும்."

பிலோமினாவின் முகம் தெளிந்தது. கெர்ட்ரூட் திரும்பி நின்று காப்பியை நீட்டினாள். பிலோமினா அதை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அப்புறம் குவளையைக் கீழே வைத்துவிட்டாள்.

"சம்பளத்தோட எடுத்த லீவுன்னு ஆயிருமா?"

"ஆமா."

"புக்கிட் மெர்தாஜாம் போன லீவு?"

"அந்த லீவுதான்."

"அது ஆகாதுண்ணே."

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1922 டிசம்பரில் ரபேலுக்கு மலேரியா கண்டு மூளைக்கு ஏறிவிட்டது. டாக்டர் கையை விரித்தார். சாமியார் வந்து அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். சவப்பெட்டிக்குப் பலகை பார்க்கக்கூட ஆள் போயாயிற்று. அன்றைக்குப் பிலோமினா மாதாவின் தாயான அன்னம்மாளுக்கு ஒரு நேர்ச்சை நேர்ந்தாள். அண்ணன் பிழைத்தால், அவர் உயிரோடு இருக்கிற வருஷமெல்லாம், தன் புருஷன் ஜூலைத் திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாம் போய் ஸ்டேஷனிலிருந்து கோயில்வரை செருப்பில்லாமல் நடப்பார். அந்த நாட்களுக்குச் சம்பளம் வாங்க மாட்டார். இந்தக் கடைசி நிபந்தனையை அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளே சேர்த்துக்கொண்டாள். போர்டு காசில் உட்கார்ந்துகொண்டு புண்ணியம் தேடினால் அது நேர்ச்சையா, லீவா என்பது அவள் கட்சி.

ரபேல் பிழைத்தார். மாரிஸ் நடந்தார். ஒவ்வொரு வருஷமும் ஜூன் மாதக் கடைசியில் மாரிஸின் லீவுக் காகிதம் ரபேலின் மேஜைக்கு வரும். "சம்பளத்தோடயே எடுங்களேன் மாப்பிள்ள, அன்னம்மாள் என்ன ரெஜிஸ்டரா பார்க்கறாங்க?" என்று சிரிப்பார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். அந்த நாட்கள் பென்ஷனில் கழியும் என்ற விதி அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த விதியையும் அந்தக் காகிதத்தையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. மாரிஸைப் போன்ற திடமான ஆளை யாராவது வேலையைவிட்டு அனுப்புவார்கள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"ஆகாதுன்னா?" என்று கேட்டார் இப்போது.

"அவ்வளவு நாளும் சம்பளத்த விட்டுக்குடுத்தோம்னு சாமி முன்னாடி சொல்லியிருக்கேன். இப்ப இல்ல இல்ல, அது சம்பள லீவுதான்னு எழுதிக் குடுத்தா, குடுத்தத திருப்பி வாங்கின மாதிரிதானே?"

"காசு ஒண்ணும் திரும்பி வராது பிலோமி. வேணாம்னு எழுதப்போறாரு."

"காசு வராது. வேல வருதில்ல?"

"பைத்தியமா உனக்கு?" என்று கெர்ட்ரூட் நடுவில் புகுந்தாள். "வீடு வாசல் போவுது. இப்ப வந்து நேர்ச்சைக்கு வக்கீல் மாதிரி பேசறியே."

"அண்ணி, நேர்ச்சைய நான் மாத்தினா அன்னம்மாளும் மாத்துவாங்க. என்னத்த மாத்துவாங்க?" பிலோமினா அண்ணனைப் பார்க்கவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வழி வேணாம். வேற வழி இருந்தா பாருங்கண்ணே. இல்லாட்டி விட்டுருங்க."

அவள் படி இறங்கிப் போனாள். கெர்ட்ரூட் பாதிக் காப்பி இருந்த குவளையை எடுத்துக்கொண்டு, "உங்க குடும்பமே இப்படித்தான்," என்றாள். எப்படி என்று சொல்லவில்லை.

---

ஆபீஸில் தொப்பி ஆணியில் இருந்தது. மேஜையில் வெள்ளைக் காகிதம் இருந்தது. நாலரை மணி ரயிலில் கோலாலம்பூருக்குப் போகிற தபால் பைக்குள் அந்தக் காகிதம் இருக்க வேண்டும். பை போய்விட்டால் மாற்ற முடியாது.

பத்து மணிக்கு ஆல்போர்ட் துரை கூப்பிட்டார். போர்டின் செயலாளர் அவர். கெட்டவர் இல்லை. காலையில் எழுந்தவுடன் எதைக் குறைக்கலாம் என்று யோசிப்பது அவருக்கு உத்தியோகம். ஆபீஸில் பென்சிலைக்கூட நுனி வரை தேய்த்துக் காட்டிய பிறகுதான் புதுசு கொடுப்பார்.

"நல்லவேளை ரபேல், மூவரில் ஒருவருக்குப் பத்து வருஷம் முடியவில்லை என்று கேள்விப்பட்டேன்," என்றார் ஆங்கிலத்தில். "ஒருவனுக்கு இன்று சம்பளம் கொடுப்பது பெரிய காரியம் இல்லை. முப்பது வருஷம் கழித்தும் அவன் உயிரோடு இருந்து கையை நீட்டுவான் பாருங்கள், அதுதான் போர்டை விழுங்குகிறது."

"யெஸ் சார்."

"அந்த ஆள் உங்களுக்கு உறவு."

"தங்கையின் கணவர் சார்."

துரை நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார் என்றே சொல்ல வேண்டும்.

ரபேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், பழைய லீவைச் சம்பள லீவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு விண்ணப்பம் வந்தால்?"

"விதி பதினேழு." துரைக்கும் விதிகள் மனப்பாடம். "வந்தால் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்குப் பிடிக்காது. போர்டுக்கு ஒரு பென்ஷன் கூடுதல் செலவு. ஆனால் விதி விதிதான். நாலு மணிக்குள் என் மேஜைக்கு வந்தால் கையெழுத்துப் போடுவேன். நானாகப் போய் யாரையும் எழுதச் சொல்ல மாட்டேன்."

"யெஸ் சார்."

வெளியே வந்தபோது வராந்தாவில் சபாபதி நின்றார். பாசார் ரோட்டுக்கு எத்தனை வண்டி சரளைக்கல் போட்டது என்ற ரிப்போர்ட்டைக் கொண்டுவந்திருந்தார். கொடுத்த பிறகும் போகவில்லை.

"கிராணியய்யா, லிஸ்ட்டு இன்னிக்குத்தானே?"

"அதப்பத்தி நான் பேசக் கூடாது சபாபதி."

"கேக்கல ஐயா. ஊர்லேர்ந்து அம்மாவ கூட்டிக்கலாம்னு சீதாலெட்சுமி சொல்லிக்கிட்டே இருக்கா. அடுத்த மாசம் அவளுக்குப் பேறுகாலம். பாக்க ஆள் இல்ல. கப்பலுக்கு எழுதலாமா, பொறுக்கலாமான்னு…"

"நாலரைக்கு மேல எழுதுங்க."

"சரிங்கய்யா." சபாபதி தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. பத்து வருஷத்தில் ஒரு நாள்கூடச் சம்பளமில்லாத லீவு எடுக்காதவர். எடுக்காததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவருக்காக யாரும் எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளவில்லை.

ரபேல் உட்கார்ந்து பட்டியலை எழுதினார். பெயர், சேர்ந்த தேதி, கழிக்க வேண்டிய நாள், மீதி. மாரிஸின் பெயருக்கு நேரே கழிக்க வேண்டிய நாள் எழுபத்திரண்டு. ஈரம் காய ஒற்றினார். அவர் கையெழுத்து எப்போதும்போல அச்சடித்தமாதிரி இருந்தது. மத்தியானம், இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமை ஒறுத்தலுக்காகக் கெர்ட்ரூட் அனுப்பியிருந்த மீன் குழம்பை அவர் தொடவில்லை. பியூன் கன்னையா அதைச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் குறைவு என்றான்.

---

மூன்று மணிக்கு மாரிஸ் வந்தார். ஆறடி ஆள். காக்கி உடுப்பில் முழங்கால்வரை சேறு. ஆபீஸுக்குள் வரும்போது மட்டும் குனிந்து வருவார். வாசலில் தலை இடிக்காது, இருந்தாலும் குனிவார்.

"மச்சான்," என்று சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

ரபேல் பிரித்தார். ஓவர்சீயர் ஆங்கிலம். எழுத்துப் பிழை ஐந்தாறு இருந்தது. விஷயத்தில் பிழை இல்லை. ஒன்பது வருஷத்து லீவையும் சம்பள லீவில் சேர்த்துக்கொள்ளும்படியும், பழைய சம்பளம் ஒரு காசும் தனக்கு வேண்டாம் என்றும் கேட்டு, கீழே பெயரை முழுதாக எழுதியிருந்தார்.

"பிலோமிக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ காலைல வந்து சொல்லி அழுதா. அழுகையிலயே விதிய வெளங்கிக்கிட்டேன்."

"நேர்ச்சை?"

மாரிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேச வேண்டியதை வழியிலேயே யோசித்துக்கொண்டு வந்திருந்தார் போலிருக்கிறது.

"நேந்தது அவ. நடந்தது நானு. ஒம்போது வருஷமும் காலு கொப்புளிக்க நடந்திருக்கேன். அத யாரும் திருப்பி வாங்கிக்க முடியாது மச்சான். சம்பளம் வாங்கினேனா இல்லையான்னு அன்னம்மாள் பாக்கலாம், பாக்காம இருக்கலாம். என் பிள்ளைங்களுக்கு வீடு வேணும்."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனைக்கிறீங்க."

இதை ஏன் கேட்டோம் என்று ரபேலுக்கே விளங்கவில்லை. விளையாட்டாகத்தான் கேட்க நினைத்தார். குரல் விளையாட்டாக வரவில்லை.

மாரிஸ் சிரித்தார். "உங்களுக்கா? நீங்க கல்லுக்குண்டாட்டம் இருக்கீங்க. தபால் பை போறதுக்குள்ள துரை மேசைக்குப் போயிருமா?"

"போயிரும்."

"அப்ப வரேன் மச்சான். லோங்காங்ல சாக்கடை வெட்ற ஆளுங்கள விட்டுட்டு வந்திருக்கேன்."

ரபேல் காகிதத்தைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். மூன்றே முக்கால் ஆனதும் பட்டியலை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்கு நடந்தார். அவர் மேஜையிலிருந்து அந்தக் கதவுக்குப் பதினைந்து தப்படி இருக்கும். இருபத்து நாலு வருஷமாக நடக்கிற தூரம்.

பாதி வழியில் நின்றுவிட்டார்.

அவஸ்தைபூசுதல் ஞாபகம் வந்தது. பூசுகிறவர் உள்ளங்காலில் எண்ணெய் தடவும்போது அது சில்லென்று இருக்கும். ஒன்பது வருஷமாக அதை அவர் நினைத்ததில்லை. இப்போது ஷூவுக்குள்ளே உள்ளங்கால் இரண்டும் சில்லிட்டன. அன்றைக்கு எல்லாரும் கைவிட்ட உயிர் அது. டாக்டர் கைவிட்டார். கெர்ட்ரூட்கூடக் கறுப்புச் சேலையை எடுத்து வெளியில் வைத்துவிட்டாள். கைவிடாதவள் பிலோமினா ஒருத்திதான். அவள் வாயால் கட்டிவைத்ததை இந்தக் காகிதத்தால் அவிழ்த்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக அதைச் சொல்லித்தான் மாரிஸைக் கேலி செய்திருக்கிறார்.

வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பயம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

கதவைத் தட்டினார். உள்ளே போனார். பட்டியலைத் துரையின் முன்னால் வைத்தார். கை கோட்டுப் பக்கம் போகவில்லை.

துரை படித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம்.

"இவ்வளவுதானா ரபேல்? வேறு ஏதாவது விண்ணப்பம்?"

சபாபதியின் மனைவிக்குப் பேறுகாலம். போர்டிடம் காசு இல்லை. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினார் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள். நல்ல காரணங்கள், ஒன்றுகூடப் பொய்யில்லை. வரிசையாக வந்து நின்றன. ஆனால் கை நின்ற பிறகுதான் அவை வந்தன என்று ரபேலுக்குத் தெரிந்திருந்தது.

"வேறொன்றும் இல்லை சார்."

துரை கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். எழுந்து நின்று கையை நீட்டினார். இருபத்து நாலு வருஷத்தில் அவர் ரபேலுடன் கைகுலுக்கியது அதுவே முதல் தடவை.

"சொந்தத் தங்கையின் கணவர். இது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி நேர்மை எல்லாரிடமும் இருப்பதில்லை. உங்கள் ரகசிய ரிப்போர்ட்டில் இதை எழுதுவேன்."

"தேங்க் யூ சார்," என்றார் ரபேல்.

கன்னையா பையை மூடி முத்திரை வைத்து, சைக்கிளில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனான்.

---

முத்திரை வைத்த பைக்குள் இருப்பது கன்னையாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. ஆறு மணிக்குள் போர்டு ஆட்கள் குடியிருக்கிற லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ரபேல் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பிலோமினாவும் மாரிஸும் வந்தார்கள்.

அழுதுகொண்டு வருவாள், சண்டை போடுவாள் என்று கெர்ட்ரூட் தயாராக நின்றாள். பிலோமினா அழவில்லை. நேராக அண்ணனிடம் வந்து, குனிந்து அவர் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க செஞ்சது சரிண்ணே."

ரபேலால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை.

"என் பேச்சுக்கு மதிப்பு வச்சு அந்தக் கடுதாசி வேலைய விட்டுட்டீங்க பாருங்க, அது போதும். வேல போனா இன்னொரு வேல. சுங்கை வே பக்கம் ஈயச் சுரங்கத்துல ஆள் எடுக்கறாங்கன்னு சொல்றாங்க. எடுக்காட்டியும் பரவால்ல. இட்லி சுட்டு விப்பேன். எனக்கு இருக்கறது ஒரே ஒரு அண்ணன்."

கெர்ட்ரூடுக்கு அழுகை வந்துவிட்டது. நாத்தனாரின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். குசினியில் இரண்டு பேரும் சேர்ந்து மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

மாரிஸ் வாசலிலேயே நின்றார். காக்கி உடுப்பை மாற்றி, வேட்டி கட்டியிருந்தார். பெண்கள் உள்ளே போனதை உறுதிப்படுத்திக்கொண்டு கிட்டே வந்தார்.

"மச்சான், கடுதாசி துரை மேசைக்குப் போச்சா?"

"போச்சு," என்றார் ரபேல்.

"பாத்தாரா?"

"பாத்தாரு."

"மாட்டேன்னுட்டாரா?"

கோட்டு இன்னும் உடம்பில்தான் இருந்தது. காகிதம் உள்பையில், விலா எலும்புக்கு நேராக இருந்தது. மற்றவர்களின் பொய்யைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் கோடு இழுத்தே தலை நரைத்தவர் ரபேல்.

"ஆமா," என்றார்.

மாரிஸ் கோபப்படவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"என் இங்கிலீசு அப்படி. என்னத்த எழுதித் தொலைச்சேனோ, அவருக்கு வெளங்கியிருக்காது. பரவால்ல மச்சான். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு பாசார் லோங்காங் பாக்க துரை என்கூடதான் வராரு. சனிக்கிழமைன்னா அவருக்கு நல்ல மூடு இருக்கும். எதுக்கு வேணாம்னீங்கன்னு நானே வாயால கேட்டுர்றேன். லிஸ்ட்டு போனா என்ன, தந்தி அடிச்சுத் திருப்பச் சொல்றேன்."

"கேக்கவா போறீங்க?"

"கேக்காம?"

ரபேல் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினார். காரணம் கண்டுபிடிப்பதில் இன்று மத்தியானம் இருந்த சாமர்த்தியம் இப்போது இல்லை.

"நானும் வரேன் நாளைக்கு," என்றார் கடைசியில்.

மாரிஸின் முகம் மலர்ந்தது. மச்சானின் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"வாங்க மச்சான். நீங்க பக்கத்துல நின்னா போதும். பெரிய கிராணி இருக்கறப்போ யாராலயும் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது."